கழுவி வைத்த கல்

பாத்திரம் கழுவும் பெண்களில் இரண்டு ரகம் உண்டு என்பது கொளஞ்சியம்மாளின் கணக்கு. அழுக்குப் போகும்வரை கழுவுகிறவர்கள் ஒரு ரகம். அழுக்குப் போன பிறகும் அதை நம்பாமல் கழுவுகிறவர்கள் இன்னொரு ரகம். "எங்க பாயம்மா ரெண்டாவது ரகம். இதுங்கிட்ட ஒரு ஓட்டாஞ்சில்லைக் குடுத்தா, தேய்ச்சுத் தேய்ச்சுத் திரும்பக் களிமண்ணாக்கிக் குடுத்துடும்" என்று பந்தலில் இருக்கிற அத்தனை பேரும் கேட்கும்படி சொல்லிச் சிரிப்பாள்.

ஷாகிரா பதில் சொல்ல மாட்டாள். தலையிலிருந்து நழுவிய முந்தானையை முழங்கையால் இழுத்து விட்டுக்கொண்டு, பழைய பல் பிரஷ்ஷால் அடுத்த பானை ஓட்டைத் தேய்க்கத் தொடங்குவாள். உதட்டோரத்தில் மட்டும் ஒரு சிரிப்பு வந்து போகும். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்கென்றே கொளஞ்சியம்மாள் தினமும் ஏதாவது சொல்லி வம்புக்கு இழுப்பாள்.

பந்தல் போட்டிருந்தது சில்லுமேட்டின் கிழக்குச் சரிவில். மரக்காணத்து உப்பளப் பாத்திகளுக்கு நடுவே, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பி நிற்கிற மணல்மேடு அது. கால் வைக்கிற இடமெல்லாம் பானை ஓடு. பிள்ளைகள் பாண்டி ஆடச் சில்லு பொறுக்குவது அங்கேதான். நல்ல மழைக்கு மறுநாள் போனால் பீங்கான் துண்டும் பச்சை மணியும்கூடக் கிடைக்கும். பள்ளிவாசல் தெருக்காரர்கள், கப்பல் ஓட்டி வியாபாரம் செய்த தங்கள் முன்னோர் குடியிருந்த இடம் என்பார்கள். அளத்து வேலைக்குப் போகிற காலனிக்காரர்கள், உப்பு விளைவித்த தங்கள் பாட்டன் பூட்டன் இருந்த இடம் என்பார்கள். இரு தரப்புக்கும் இதில் விட்டுக்கொடுக்கிற எண்ணம் கிடையாது.

பல்கலைக்கழகத் தொல்லியல் துறையிலிருந்து கீதாஞ்சலி மேடம் முதலில் வந்தபோது மண்வெட்டி கொண்டு வரவில்லை. ஒரு வருஷம் வெறுங்கையோடு வந்து வந்து போனார். ஜமாத்தில் உட்கார்ந்து டீ குடித்தார், காலனியில் உட்கார்ந்து டீ குடித்தார். கடைசியில் இரண்டு தரப்பையும் ஒரு உப்புக் கிடங்கில் கூட்டி வைத்துச் சொன்னார்: "இது உங்க முன்னோருங்க இருந்த இடம். நீங்க வேணாம்னு சொன்னா நாங்க தொட மாட்டோம். வேணும்னு சொன்னா நீங்களும் எங்களோட சேர்ந்து தோண்டணும். கிடைக்கிறது எதுவும் இந்த ஊரை விட்டுப் போகாது."

காலனியில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற குப்புசாமி எழுந்தார். "சரிங்க மேடம். ஆனா வேணாம்னு எப்படிச் சொல்றது? எங்க வீட்டுப் பொம்பளைங்க இத்தினி பேர் முன்னாடி வாய் தொறக்க மாட்டாங்களே."

"யாரு, நாங்களா?" என்றாள் பின்வரிசையிலிருந்து கொளஞ்சியம்மாள். கிடங்கே சிரித்தது.

கொளஞ்சியம்மாளுக்கு வாய் உண்டு, எல்லோருக்கும் உண்டா? அதை யோசித்துத்தான் மேடம் அந்த முறையைக் கொண்டு வந்தார். மேடு முழுக்கக் கயிறு கட்டி, ஒரு சின்ன அறை அளவுக்குக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். ரோடு வேலையில் மிஞ்சிய கருங்கல் துண்டுகளைச் சுண்ணாம்பு அடித்துப் பந்தலில் குவித்தார்கள். எந்தக் கட்டத்தைத் தோண்ட வேண்டாம் என்று தோன்றுகிறதோ அதில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போகலாம். வைத்தது யார் என்று கேட்கக் கூடாது. ஏன் என்றும் கேட்கக் கூடாது. வைத்தவர் கையாலேயே எடுத்தால்தான் உண்டு. ஊர் அதற்கு வேணாங்கல் என்று பெயர் வைத்தது.

முதல் வேணாங்கல், விடியற்காலையில் ஆண்கள் ஒதுங்குகிற இடத்தில் விழுந்தது. யார் வைத்தது என்று ஊருக்கே தெரியும், முறைப்படி யாரும் கேட்கவில்லை. "அங்க தோண்டினா என்ன கெடைக்கும்னு மேடம் சொல்லித்தான் தெரியணுமா?" என்று மட்டும் கொளஞ்சியம்மாள் சொன்னாள்.

ஷாகிரா கூனிமேட்டில் பிறந்தவள். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் எழுந்து நிற்க மாட்டாள். எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்களே. வாய்க்குப் போக வேண்டியதெல்லாம் கண்ணுக்குப் போய்விட்டது போல, சுற்றி நடக்கிறது ஒன்றும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மரக்காணத்தில் ஜஹாங்கீருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் சார்ஜாவில் பல வருஷம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஊரோடு வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். மகள் முஸ்கான் ஆறாவது படிக்கிறாள்.

ஓடு கழுவப் பெண்கள் வேண்டும் என்று மேடம் ஜமாத்தில் கேட்டபோது, ஷாகிரா தானாகவே, "நான் போறேங்க" என்று வீட்டில் சொன்னாள். கல்யாணமானதிலிருந்து அவள் தானாகக் கேட்டது அது ஒன்றுதான். ஜஹாங்கீர் ஆச்சரியமாகப் பார்த்தார். "வெயிலு. உப்புக் காத்து. உனக்கு எதுக்கு இது?" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றார்.

எதற்கு என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் ஒருவேளை தெரிந்திருக்கலாம். இருவரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

முஸ்கானுக்கு முன்னால் ஒரு பிள்ளை. எட்டு மாதம் வயிற்றில் இருந்தான். 'தானே' புயல் அடித்த ராத்திரி கூரை ஓடெல்லாம் பறந்து, ரோட்டில் மரம் விழுந்து, எந்த வண்டியும் வர வழியில்லாத நேரத்தில் வலி வந்தது. பிள்ளை அழாமலேயே பிறந்தான். ஜஹாங்கீர் அப்போது சார்ஜாவில். அடக்கம் செய்கிற கபர்ஸ்தானில் இடுப்பளவு தண்ணீர். காலையில் மாமனார் பிள்ளையைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு தனியாக வெளியே போனார். திரும்பி வந்தபோது வேட்டியெல்லாம் சேறு. "தண்ணி ஏறாத எடம் சில்லுமேடு ஒண்ணுதாம்மா இருந்துச்சு. அங்க ஒரு தாழம்புதர் ஓரமா வெச்சுட்டு வந்தேன்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. சில வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் குடும்பத்தில் பெண்கள் கபருக்குப் போகிற வழக்கம் இல்லை. மய்யத்து வாசலைத் தாண்டினால் அதோடு சரி, அதற்கப்புறம் எல்லாம் ஆண்கள் பாடு. அதனால் ஷாகிரா ரோட்டில் போகும்போது மேட்டின் கிழக்கே தெரிகிற தாழம்புதரைப் பார்த்துக்கொள்வாள். உதடு அசையாமல் ஒரு துஆ கேட்பாள். முஸ்கானைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போதும் அதே, மார்க்கெட்டுக்குப் போகும்போதும் அதே. ஓடு கழுவுகிற வேலை வந்தபோது, அந்தப் புதருக்குப் பக்கத்திலேயே பந்தல் போட்டார்கள். ஒரு காரணத்தோடு, யாரும் எதுவும் கேட்காமல், நாள் பூராவும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும்?

முதல் வருஷம் தோண்டவில்லை. மேட்டின் மேல் சிதறிக் கிடந்த ஓடுகளைக் கட்டம் வாரியாகப் பொறுக்கிப் பைகளில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் மேற்கு மூலைப் பை ஒன்று அவளுக்கு நினைவில் நின்றது. மற்ற இடங்களில் ஓடு சிதறிக் கிடந்தது. அங்கே மட்டும் ஒரே இடத்தில், யாரோ உட்கார்ந்து பொறுக்கி அடுக்கினதுபோல் ஒரு சின்னக் குவியல். "என்னவா இருக்கும்?" என்று மேடம் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். ஷாகிரா அந்த ஓடுகளையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தாள்.

அடுத்த இரண்டு வருஷமும் நடுமேட்டில் தோண்டினார்கள். இந்த வருஷம்தான் கிழக்குப் பக்கம் முறை வந்தது. பூமிக்கு அடியில் இருப்பதை மேலிருந்தே பார்க்கிற ஒரு கருவியைத் தள்ளுவண்டி போலத் தள்ளிப் பார்த்துவிட்டு, புதருக்குக் கீழே நீளமாக ஒரு செங்கல் தளம் இருக்கிறது என்றார் மேடம். சொல்லும்போது குழந்தை மாதிரி கையைத் தட்டினார்.

ஜமாத் செயலாளர் ஷஃபி பாய் எவர்சில்வர் பாத்திரக்கடைக்காரர். "சந்தேகமே வேணாம். எங்க ஆளுங்க சரக்கு இறக்கி வெச்ச மண்டிதான்" என்றார். "சந்தேகமே வேணாம். எங்க ஆளுங்க உப்பு கொட்டி வெச்ச கெடங்குதான்" என்றார் குப்புசாமி. இருவருக்கும் அந்த இடத்தை உடனே தோண்டிப் பார்த்துவிட வேண்டும்.

ஷாகிரா அன்று புதரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே வீட்டுக்குப் போனாள். இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் மேடம் விட்டுவிடுவார். ஆனால் அந்த வார்த்தையை அவள் பெற்ற தாயிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

மறுநாள் ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும், முதல் ஆளாக மேட்டுக்கு வந்தாள். குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள். சுண்ணாம்பும் மண்ணும் காக்கை எச்சமுமாக இருந்தது. கபருக்குப் பக்கத்தில் வைக்கிற பொருள் பாக்காக, சுத்தமாக இருக்க வேண்டாமா? குடத்துத் தண்ணீரை ஊற்றி, தன் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். புதருக்கு இடப்பக்கக் கட்டத்தில் வைத்துவிட்டு நாலு எட்டு வைத்தாள். அப்புறம் ஒரு யோசனை. ஓரமாக என்றாரே, எந்த ஓரம்? திரும்பி வந்து இன்னொரு கல்லைக் கழுவி வலப்பக்கம் வைத்தாள். முன்னால் ஒன்று. பின்னால் ஒன்று. ஆக, புதரைச் சுற்றி நாலு வேணாங்கல்.

பத்து மணிக்குள் ஊர் இரண்டாகிவிட்டது.

"ஏம்பா குப்புசாமி, உங்க ஆளுங்க வேலைதானே இது?" என்றார் ஷஃபி பாய். "கீழ எங்க மண்டி இருக்குன்னு தெரிஞ்சுடும்னு பயந்துட்டீங்களா?"

"பயந்தவன் ஒரு கல்லு வெப்பான் பாய். நாலு கல்லு வெக்கிறவன் பாத்திரக்கடைக்காரனாத்தான் இருப்பான். உங்களுக்குத்தான் எதையும் செட்டு செட்டா குடுத்துப் பழக்கம்."

"டேய், வார்த்தைய அளந்து பேசு!"

"உப்பு அளந்தவன் பாய் நான், வார்த்தைய அளக்கத் தெரியாதா?"

மறுநாளும் அதே பேச்சு. அதற்கு மறுநாள் பள்ளிவாசல் தெருப் பெண்களும் காலனிப் பெண்களும் பந்தலில் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். கொளஞ்சியம்மாளும் ஷாகிராவும் மட்டும் நடுவில் ஒரே அன்னக்கூடைத் தண்ணீரை வைத்துக்கொண்டு கழுவினார்கள். யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. இந்த அமைதி தன்னால் வந்தது என்பது ஷாகிராவுக்கு மட்டும் தெரியும்.

கிடங்கில் கூட்டம் போட்டார்கள். கல் முறையே வேண்டாம் என்றார் ஷஃபி பாய். இந்த ஒரு விஷயத்தில் குப்புசாமியும் அவர் பக்கம். மேடம் சத்தம் போடவில்லை. "கல்லை நான் எடுத்தேன்னா, நாளைக்கு உங்கள்ல யாரும் என்னை நம்ப வேணாம். கிழக்கே வேணாம்னு யாரோ நினைக்கிறாங்க, விட்டுடுவோம். மேற்கு மூலையைத் தோண்டலாம். அங்க ஒரே ஒரு கல்தான் இருக்குது. அதை விட்டுட்டு அதைச் சுத்தி நாலு பக்கமும் தோண்டலாம்."

"அந்த ஒத்தைக் கல்லு எவனோ வெளையாட்டுக்கு வெச்சதும்மா" என்றார் குப்புசாமி. "பொட்டல் மூலை அது. முதல்ல அதை எடுத்துடலாம்."

பின்வரிசையில் கொளஞ்சியம்மாள் விருட்டென்று நிமிர்ந்தாள். வாயைத் திறந்தவள், என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியதைப் பார்த்த ஒரே ஆள், பக்கத்தில் இருந்த ஷாகிரா. அவள் அப்படி மூடி ஷாகிரா பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மேட்டிலேயே கூடுவது, அதற்குள் கல் வைத்தவர்கள் எடுக்காவிட்டால் கல் முறை வேண்டுமா என்று கைதூக்கி முடிவு செய்வது என்று கலைந்தார்கள்.

மறுநாள் காலையிலேயே அளத்து வேலை முடிந்து பந்தலுக்கு வந்த கொளஞ்சியம்மாள், கால் உப்பைக்கூடக் கழுவாமல் ஷாகிராவுக்கு எதிரே உட்கார்ந்தாள். மற்றவர்கள் இன்னும் வரவில்லை.

"பாயம்மா, கெழக்கால இருக்கிற நாலு கல்லும் உன்னுதுதானே?"

பிரஷ் நின்றது. "யாரு வெச்சதுன்னு கேக்கக் கூடாதுக்கா."

"நான் எங்க கேட்டேன்? கண்டுபுடிச்சேன். சுண்ணாம்பு அடிச்ச கல்லுல பொட்டு சுண்ணாம்பு இல்ல. பளபளன்னு கெடக்குது. இந்த ஊர்ல கல்லைக்கூடக் கழுவி வெக்கிறவ வேற எவ இருக்கா?"

ஷாகிராவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனால் அழுகை வந்தது. கையில் இருந்த ஓட்டைக் கீழே வைத்தாள்.

"அங்க என் புள்ள இருக்குதுக்கா."

அந்த வார்த்தை இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வெளியே வந்தது. பிறகு புயல், தண்ணீர், மாமனார், தாழம்புதர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேட்டு முடித்ததும் கொளஞ்சியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிப் பாவி மவளே. அங்க இல்லடி. எந்திரி."

ஷாகிராவின் மணிக்கட்டைப் பிடித்து மேட்டின் உச்சியைத் தாண்டி மேற்கு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மேற்குப் பக்கம் கீழே அவள் உப்பு வாருகிற பாத்திகள். கயிற்றுக்குள்ளே அந்த ஒற்றைக் கல், சுண்ணாம்பு கலையாமல் வெள்ளையாக இருந்தது.

"இது நான் வெச்சது" என்றாள்.

"புயலுக்கு மறுநாள் என் ஆட்டைத் தேடிக்கினு வந்தேன். ரெண்டு ஆடு. தண்ணிக்குப் பயந்து மேட்டுல ஏறி நிக்கும்னு வந்து பாத்தா, உன் மாமனாரு இங்க குந்திக்கினு கையால மண்ணைப் பறிச்சிக்கினு இருக்காரு. மடியில வெள்ளைத் துணி. எனக்குப் புரிஞ்சிடுச்சு. தண்ணியில ஒரு கொட்டாங்குச்சி மெதந்துக்கினு வந்துச்சு, அதை எடுத்து நானும் பறிச்சேன். பறிக்கப் பறிக்கச் சில்லா வருது. பெரியவரு விடல. ஒண்ணு ஒண்ணா பொறுக்கி இப்படி ஓரமா வெச்சாரு. 'புள்ளைக்குக் குத்தும்மா'ன்னாரு. கடைசியில மண்ணு மாவு மாதிரி ஆச்சு. அப்புறந்தான் வெச்சாரு."

ஷாகிரா குவியல் இருந்த இடத்தைப் பார்த்தாள். அந்த ஓடுகளை அவள் கழுவியிருக்கிறாள். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பித் தேய்த்திருக்கிறாள்.

"புதரு?" என்றாள்.

"இங்கதான் இருந்துச்சு புதரு. உப்பு ஏத்தற வண்டி திரும்ப எடம் வேணும்னு அந்த மாசமே வெட்டிட்டாங்க. நீ பாக்கறியே அந்தப் புதரு, அது அப்ப முழங்கா ஒசரம்கூட இல்ல." கொளஞ்சியம்மாளின் குரல் இறங்கியது. "உனக்குத் தெரியும்னுல்ல நெனைச்சேன். உன் வூட்டு ஆம்பளைங்க யாராச்சும் காட்டியிருப்பாங்கன்னு இருந்துட்டேன். நீங்க பொம்பளைங்க அங்கெல்லாம் வர மாட்டீங்கன்னு எனக்கு என்ன தெரியும்? நீ பேசாம இருக்கியேன்னு நானும் பேசல. புண்ணைக் கீற வேணாம்னு."

"அக்கா, நான் கிட்ட போலாமா?"

"உன் புள்ளைகிட்ட போறதுக்கு என்னை ஏன்டி கேக்கற?"

கயிறு வரைக்கும் போனாள். அதற்கு மேல் போகவில்லை. மண்ணில் உட்கார்ந்து கயிற்றுக்குக் கீழே கையை நீட்டி, உள்ளங்கையைத் தரையில் பதித்தாள். மண் வெதுவெதுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மேட்டில் நல்ல கூட்டம். ஜும்ஆ முடிந்த கையோடு ஆண்கள் தொப்பியோடு வந்திருந்தார்கள். ஜஹாங்கீர் கடையைச் சாத்திவிட்டு வந்து பின்னால் நின்றார். காலனி ஆட்கள் எதிர்ப்பக்கம். ஷஃபி பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

பந்தலிலிருந்து ஷாகிரா எழுந்தாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்காத பெண், ஊர் முழுக்கப் பார்க்கக் கயிற்றைத் தாண்டித் தாழம்புதருக்கு நடந்தாள். ஒரு கல்லை எடுத்து முந்தானையில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். ஷஃபி பாயின் பேச்சு பாதியில் நின்றது. நாலு கல்லையும் சுமந்துகொண்டு வந்து மேடத்தின் முன்னால் இறக்கி வைத்தாள்.

"இது நாலும் நான் வெச்சது. எடம் மாறிப்போச்சு" என்றாள். குரல் தரையைப் பார்த்துத்தான் வந்தது. "மேற்கால இருக்கிற கல்லு மட்டும் இருக்கட்டும். சுத்தியும் தோண்ட வேணாம். அங்க எங்க புள்ளைய வெச்சிருக்குது. தானே புயலப்போ."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவளே சொல்லிவிட்டாள்.

மேடம் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஷஃபி பாய் தொப்பியைக் கழற்றினார், தலையைத் தடவினார், மறுபடி போட்டுக்கொண்டார். "நான் என்னென்னமோ பேசிட்டேன். மன்னிச்சுக்கம்மா" என்றார். குப்புசாமி, "பாய், செட்டுன்னு சொன்னதை நானும் வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

ஜஹாங்கீர் அங்கே இல்லை. ஷாகிரா திரும்பிப் பார்த்தாள். மேட்டின் உச்சியைத் தாண்டி அவர் முதுகு மட்டும் தெரிந்தது. வேகமாக நடந்துகொண்டிருந்தார். பின்னாலேயே போனாள். ஒற்றைக் கல்லுக்கு முன்னால், கயிற்றுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"இங்கயா?"

"ஆமாங்க. கொளஞ்சிக்காவும் மாமாவும் சேர்ந்துதான் வெச்சாங்களாம்."

"நான் இத்தனை வருஷம் அந்தப் புதரையே பாத்துக்கிட்டு..." என்றார். தினமும் பைக்கில் கடைக்குப் போகும்போது அவர் தலை ஒரு இடத்தில் இடப்பக்கம் திரும்பும். போக்குவரத்தைப் பார்க்கிறார் என்றுதான் ஷாகிரா நினைத்திருந்தாள். அவள் கண்ணுக்குத் தப்பிய ஒரே விஷயம் அது.

அவர் கையேந்தி ஃபாத்திஹா ஓதினார். ஷாகிரா பக்கத்தில் நின்று கையேந்தினாள். பெண் இங்கே ஏன் வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சற்றுத் தள்ளிக் கொளஞ்சியம்மாள், அவளுக்குத் தெரிந்தபடி கைகூப்பி நின்றாள்.

அடுத்த வாரம் கிழக்குப் பக்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். தாழம்புதரை வேரோடு பெயர்த்து மேற்கு மூலையில் கொண்டுபோய் நட வேண்டும் என்று குப்புசாமி ஒற்றைக் காலில் நின்றார். ஷஃபி பாய் தன் கடையிலிருந்து புது எவர்சில்வர் குடம் ஒன்றைத் தண்ணீர் ஊற்றக் கொடுத்தார். செங்கல் தளம் நீளமாக வந்துகொண்டே இருந்தது. மண்டியா கிடங்கா என்ற சண்டை மறுபடி நல்லபடியாகத் தொடங்கியது. "ரெண்டுமா இருந்தா என்னங்க?" என்று மேடம் கேட்டுப் பார்த்தார். இருவரும் ஒரே குரலில், "அது எப்படி?" என்றார்கள்.

தோண்டுகிற மண் கொட்ட இடம் வேண்டியிருந்ததால் பந்தலை மேற்குச் சரிவுக்கு மாற்றினார்கள். அன்று ஷாகிரா சீக்கிரமே வந்து, அன்னக்கூடையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். கீழே பாத்தியிலிருந்து வேலை முடிந்து கொளஞ்சியம்மாள் மேலே ஏறி வருவது கேட்டது. பந்தல் இடம் மாறியது அவளுக்கு மறந்துவிட்டது போல. மூலையில் வந்ததும், நடையை நிறுத்தாமல், பழக்கத்தில் வருகிற குரலில் சொன்னாள்:

"என்ன குட்டி பாய், இன்னும் தூங்கறியா?"

சொல்லிவிட்டு நிமிர்ந்தவள் ஷாகிராவைப் பார்த்தாள். அவள் முகத்தில் வெட்கம் வந்ததை அன்றுதான் ஷாகிரா பார்த்தாள்.

"தெனமும் கேட்டுட்டுத்தான் போறது" என்று முணுமுணுத்தாள். "தனியா கெடக்குதேன்னு. நீ ஒண்ணும் நெனைச்சுக்காதே."

ஷாகிரா பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கினாள். அன்றைக்கு முதல் ஓட்டை எடுத்தாள்.

"தூங்கறான்க்கா" என்றாள். "மெல்ல பேசு."